மேமியோ மண்

தெயின்ஜி சந்தை வாசலில் ஐந்து வாங்கினேன்.
ஒன்று மூவாயிரம்; ஐந்தாவதை
ஒடிந்த கிளைக்காகப் பாதிக்குத் தந்தாள்.
மலையிலிருந்து இரவு பஸ்ஸில் இறங்கியவை,
கறுப்புப் பாலிதீனுக்குள்
மேமியோவின் சிவப்பு மண்ணைக்
கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாம் மாடி.
தெருவில் நின்று கயிற்றை அசைத்தால் மேலே மணி அடிக்கும்.
இழுத்துக்கொள்ள இப்போது ஆள் இல்லை.
கூடையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு
நானே ஏறி, மூச்சு வாங்கி,
நானே இழுத்தேன்.
மணி நிற்காமல் கிணுகிணுத்தது.
மூன்றாம் மாடி ஜன்னலில் கோ தெயின் தலை நீட்டி
"நின்சியா?" என்றார்.

அவர்கள் பாஷையில் ரோஜாவுக்கு அதுதான் பெயர்.
எழுத்தைப் பிரித்தால் பனி ஒன்று, எண்ணெய் ஒன்று.
ரங்கூனில் முதலாவது கிடையாது.
இரண்டாவது, வீசை என்ன விலை என்று கேட்கவே பயம்.

அன்றைக்கே நடக்கூடாது.
போன வருஷம் மூன்றைக் கொன்றிருக்கிறேன்,
அப்படித் தெரியும்.
நிழலில் வைத்தேன் மூன்று நாள்,
மாசிலாவின் செருப்புகள் கிடந்த மூலையில்.
செருப்புகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

பெயின்ட் டப்பாவுக்கு ஆணியால் ஏழு ஓட்டை.
கருக்கிய உமி ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு,
தோட்ட மண் இரண்டு.
பருப்புத் தரகுக் கடையில் பதினோரு வருஷமாய்
உளுந்தை உருட்டியே ஈரம் சொல்கிற விரல்
மண்ணுக்குள் போனதும் திணறியது.

சிவப்பு உருண்டைதான் தகராறு.
ஊற்றினால் உள்ளே இறங்காது, விளிம்பில் வழியும்.
வாளியில் அமுக்கிப் பிடித்தேன்,
குமிழி நிற்கும்வரை.
ஓரத்தை மட்டும் கரைத்தேன்.
நடுவில் இருந்ததைத் தொடவில்லை.
வேர் அதைத்தான் ஊரென்று நினைத்திருக்கிறது.

மொட்டைக் கிள்ள வேண்டும்.
வேர் பிடிக்காத செடிக்கு மொட்டு கடன்.
நாலு செடியில் கிள்ளினேன்.
ஒடிந்த கிளைக்காரி மட்டும்
கொஞ்சம் நிறம் காட்டிவிட்டாள்.
ஒரு நாள் விட்டேன்.
இன்னொரு நாளும்.
பிறகு கிளையோடு வெட்டி
கம்பி இடுக்கில் வீசினேன்.
கீழ்வீட்டுத் தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

கரண்டு இரவு ஒரு மணிக்கு.
கரண்டு வந்தால் மோட்டார், மோட்டார் ஓடினால் தண்ணீர்.
அரைத் தூக்கத்தில் ஊற்றினேன், கூடிப்போயிற்று.
காலையில் கோ தெயின் கதவைத் தட்டி
வெள்ளைச் சட்டையை விரித்துக் காட்டினார்.
தோளிலிருந்து பை வரைக்கும் மேமியோ.
இரண்டு பாஷையிலும் மன்னிப்புக் கேட்டேன்.
இரண்டிலும் பதில் இல்லை.

அன்று ராத்திரி மாசிலா பேசினான், மேசோட்டிலிருந்து.
இடம் பழகிவிட்டதா என்றேன்.
"தண்ணிதான் ஒத்துக்கலக்கா."
மொட்டு வைத்தால் படம் அனுப்பச் சொன்னான்.
சரி என்றேன்.
கிள்ளிப் போட்டதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் இரண்டு செடி இலை கொட்டின.
ஒன்றை நகத்தால் சுரண்டினேன், உள்ளே பச்சை.
மற்றதைச் சுரண்டவில்லை,
இன்னும்.

இருபதாம் நாளோ என்னவோ,
சொட்டுகிற சத்தம் மாறியிருந்தது.
எட்டிப் பார்த்தேன்.
கோ தெயின் துணிக்கொடியைத் தள்ளிக் கட்டியிருந்தார்.
என் சொட்டுக்கு நேர் கீழே
ஒரு பால் பவுடர் டப்பா.
டப்பாவில் மண்,
மண்ணில் நான் வீசிய கிளை.
மொட்டை அவரும் கிள்ளியிருந்தார்.

கணுவில் சிவப்பாய் ஏதோ.
தளிரா, முள்ளா,
நாலாம் மாடிக்குத் தெரியவில்லை.
கேட்கலாம்.
சட்டைக் கறை போயிற்றா என்று
முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

இன்று ஒரு மணிக்குத் தண்ணீர் வந்தபோது
அந்தப் பக்கத்து டப்பாவுக்கு மட்டும்
அரைக் குவளை கூடுதலாக ஊற்றிவிட்டு
இருட்டில் நின்று எண்ணினேன்,
விழுகிற சொட்டுகளை.